அறச்சீற்றமும் வெறும் சீற்றமும்

சாலை விபத்தில் ஒருவர் இறந்தார் என்று கேட்டவுடன் மனத்தில் முதலில் எழுவது இரக்கம். அடுத்து எழுவது, 'வண்டியை ஓட்டியவர் யார்?' என்ற கேள்வி. இக்கேள்வி இயல்பானது; நீதிக்குத் தேவையானதும்கூட. ஆனால் விடை கிடைத்தபின் மனத்தில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. இரக்கம் மெல்ல விலக, அவ்விடத்தில் சினம் வந்து அமர்கிறது. இறந்தவரை மறந்துவிடுகிறோம். ஓட்டியவரின் முகம், குடும்பம், செல்வம், பேச்சு ஆகியவையே நாட்கணக்கில் பேசப்படுகின்றன.

எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கும் இக்காலத்தில், சில மணி நேரத்திலேயே நாடு முழுவதும் இம்மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. விபத்தை நேரில் கண்டவர் பத்துப் பேர் என்றால், தீர்ப்பு வழங்குபவர் பல லட்சம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் தீயவர் அல்லர். அநியாயத்தைக் கண்டு பொறுக்க மாட்டாதவர்கள். ஆகவே இச்சினத்தை எளிதில் பழித்துவிட முடியாது. எளிதில் போற்றிவிடவும் முடியாது. அது எப்போது அறத்திற்குத் துணை நிற்கிறது, எப்போது அறத்தின் பெயரால் வேறொன்றைச் செய்கிறது என்பது ஆராயத்தக்கது.

புனே நகரில் நடந்தது

2024 மே 19, அதிகாலை சுமார் இரண்டரை மணி. புனே நகரின் கல்யாணி நகர்ப் பகுதியில், மிகுந்த வேகத்தில் வந்த போர்ஷே கார் ஒன்று ஒரு மோட்டார் சைக்கிள்மீது மோதியது. அதில் சென்ற இருவரும் இறந்தனர். மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்து கணினித் துறையில் பணியாற்றிய ஓர் இளைஞர், ஓர் இளம்பெண். இருவருக்கும் வயது 24. காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவன் 17 வயதுச் சிறுவன். செல்வம் மிக்க கட்டுமானத் தொழிலதிபர் ஒருவரின் மகன். அவன் மது அருந்திவிட்டு ஓட்டினான் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு.

அன்றே சிறார் நீதி வாரியம் அவனுக்கு ஜாமீன் வழங்கியது. நிபந்தனைகளுள் ஒன்று, சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது. இச்செய்தி வெளிவந்ததும் நாடு கொதித்தது. இரண்டு உயிர்களின் விலை 300 சொற்களா என்ற கேள்வி எங்கும் ஒலித்தது. மே 22 அன்று வாரியம் தன் ஆணையை மாற்றி, அவனைக் கூர்நோக்கு இல்லத்திற்கு அனுப்பியது.

சினம் செய்த நன்மை

மக்களின் சினம் வீண்போகவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். விபத்திற்குப் பின் நடந்தனவாகக் காவல்துறை கூறுபவை மனத்தை ஆழமாக உறுத்துகின்றன. குடும்பத்தின் கார் ஓட்டுநரை அடைத்துவைத்து, காரை ஓட்டியது தாமே என்று சொல்லும்படி வற்புறுத்தியதாக ஒரு குற்றச்சாட்டு. அரசு மருத்துவமனையில் எடுக்கப்பட்ட சிறுவனின் இரத்த மாதிரியை அகற்றிவிட்டு, வேறொருவரின் இரத்தத்தை வைத்ததாக மற்றொரு குற்றச்சாட்டு. வேறொரு மருத்துவமனையில் எடுத்த மாதிரியோடு மரபணுச் சோதனையில் ஒப்பிட்டபோதுதான் இது வெளிப்பட்டதாகக் காவல்துறை கூறியது. மருத்துவர்கள் இருவர் கைதாயினர். சிறுவனின் தந்தை, தாய், பாட்டனார் ஆகியோரும் கைதாயினர். காருக்கு நிரந்தரப் பதிவே இல்லை என்பதும், அதற்குரிய 1,758 ரூபாய்க் கட்டணம் செலுத்தப்படவில்லை என்பதும் அப்போது தெரியவந்தன. சிறுவனுக்கு மது வழங்கியதாக மதுக்கூடங்களைச் சேர்ந்தவர்கள்மீதும் வழக்குப் பதிவாயிற்று.

குற்றச்சாட்டுகள் மெய்யா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் பணி. ஆனால், நாடே விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது இவ்விசாரணைக்கு ஒரு காவலாக அமைந்தது என்பதில் ஐயமில்லை. எளியவர் ஒருவர் வலியவரின் பழியைச் சுமக்க நேரும்போது, அதைக் கண்டு சினவாத சமுதாயம் அறம் உணர்ந்த சமுதாயம் ஆகாது.

இச்சினத்தின் வேர் மிகப் பழையது. திருவாரூரில் மன்னனின் மகன் தேரில் செல்கையில், பசுங்கன்று ஒன்று துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியை அசைத்தது. அறநூல் கூறும் கழுவாயைச் செய்து இளவரசனை விடுவிக்கலாம் என்று அமைச்சர்கள் கூறினர். மனுநீதிச் சோழன் அதை ஏற்கவில்லை. அவன் கேட்ட கேள்விகள் இரண்டு. அந்தக் கழுவாய் தாய்ப்பசுவின் துயரைத் தீர்க்குமா? பிறர் உயிரைக் கொன்றவனுக்கு மரண தண்டனையும், தன் மகன் செய்தால் வெறும் கழுவாயும் என்றால் அது நீதியாகுமா? பெரியபுராணம் விரித்துரைக்கும் இக்கதையின் உயிர் இவ்விரு கேள்விகளில் இருக்கிறது.

2024-இல் நாட்டு மக்கள் எழுப்பியதும் ஏறக்குறைய இதே கேள்விதான். வலியவன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சட்டம், எளியவன் வீட்டுப் பிள்ளைக்கு வேறு சட்டமா? இவ்வாறு கேட்கும் சினத்தை அறச்சீற்றம் என்று அழைப்பது தகும்.

மனுநீதிச் சோழனின் கதையில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அவன் ஊரார் வீட்டு மகனைத் தேர்க்காலில் இட்டு நீதிமான் என்ற பெயரைப் பெறவில்லை. தன் ஒரே மகனை இட்டான். மகனுக்கு அவன் விதித்த தண்டனை இன்று எவருக்கும் முன்மாதிரியாக இருக்க முடியாது. இளவரசன் வேண்டுமென்று கன்றைக் கொன்றவனும் அல்லன். ஆயினும், நீதியின் முழு வலியையும் அந்த மன்னன் தானே தாங்கினான். வலியைத் தான் தாங்குபவனின் கடுமைக்கும், வலி முழுவதையும் பிறர்மேல் ஏற்றுபவனின் கடுமைக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு.

சினம் செய்த தீமை

புனே விபத்திற்குப் பின் சில நாட்களில் ஒரு காணொளி நாடெங்கும் பரவியது. ஜாமீனில் வந்த சிறுவன், தான் செய்ததைப் பற்றிச் சிறிதும் வருந்தாமல், இழிந்த சொற்களால் எள்ளி நகையாடிப் பாடுவதாக அது சொல்லப்பட்டது. அதைக் கண்டவர்களின் சினம் பன்மடங்காயிற்று. ஆனால் அதில் இருந்தவன் அச்சிறுவன் அல்லன். வேறொருவர் நடித்து வெளியிட்டது அது. தாயும் மறுத்தார்; காவல்துறையும் அது போலி என்று தெளிவுபடுத்தியது.

இதில் சிந்திக்கத்தக்க ஒன்று உண்டு. இரண்டு உயிர்கள் போயின. மது, வேகம், ஆதாரத்தை மறைக்கும் முயற்சி என்று குற்றச்சாட்டுகள் குவிந்திருந்தன. நீதி கேட்பதற்கு இவை போதாவா? போதும். ஆனால் சினத்திற்குப் போதவில்லை. தான் வெறுப்பவன் இன்னும் கொடியவனாக இருக்க வேண்டும் என்று அது விரும்பியது. விரும்பியது கிடைத்ததும், உண்மையா என்று கேட்காமல் ஏற்றுக்கொண்டது. நீதியும் சினமும் பிரியும் இடம் இதுவே. நீதி உண்மையைத் தேடிச் செல்கிறது. எந்த இடத்தில் உண்மை முடிகிறதோ அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. கட்டற்ற சினத்திற்கு அப்படி நிற்கும் இடம் இல்லை.

சிறுவனின் பெயரும் படமும்கூடக் கைக்குக் கை மாறின. சட்டத்தோடு முரண்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்தை மதியாதவன் என்று ஒருவனைப் பழித்துக்கொண்டே, பழித்தவர்கள் வேறொரு சட்டத்தை மீறினார்கள். தாங்கள் மீறியதைப் பலர் அறியவும் இல்லை.

சிறுவர் செய்த பிழைக்குத் தனி அளவுகோல் வேண்டும் என்பது நமக்குப் புதிய கருத்தன்று. மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் மாண்டவ்யர் என்ற முனிவர் தாம் செய்யாத திருட்டிற்காகக் கழுவில் ஏற்றப்படுகிறார். சிறு வயதில் பூச்சிகளைக் குத்தித் துன்புறுத்தியதன் பயன் இது என்று தருமதேவன் காரணம் கூறுகிறான். அறியாப் பருவத்துச் சிறு பிழைக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று முனிவர் தருமதேவனையே சபிக்கிறார்; பதினான்கு வயது வரை செய்தவை பாவமாகக் கருதப்படா என்று வரம்பும் வகுக்கிறார். பதினேழு வயது பதினான்கு அன்று என்பது உண்மை. கார் ஓட்டி உயிரைப் போக்குவது பூச்சியைக் குத்துவது போன்றதும் அன்று. ஆயினும் தண்டனைக்கு ஓர் அளவு உண்டு, அந்த அளவை மீறினால் தருமதேவனும் குற்றவாளியே என்ற கருத்து எக்காலத்திற்கும் பொருந்தும்.

இன்றைய சட்டம் இந்த அளவை நுட்பமாக வகுக்கிறது. 16 முதல் 18 வயது வரை உள்ளவர் மிகக் கொடிய குற்றம் செய்திருந்தால், அவரை வயது வந்தவராகக் கருதி விசாரிக்க அது இடம் தருகிறது. குறைந்தபட்சத் தண்டனையாகவே ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ விதிக்கப்பட்டுள்ள குற்றங்களே அவ்வகையில் அடங்கும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தில்லியில் 2016-இல் நடந்த ஒரு கார் விபத்து வழக்கிலேயே இத்தீர்ப்பு வந்தது. புனே வழக்கிலும் 2024 ஜூன் 25 அன்று மும்பை உயர் நீதிமன்றம், சிறுவனைக் கூர்நோக்கு இல்லத்தில் வைத்தது சட்டப்படி செல்லாது என்று கூறி விடுவித்தது. குற்றம் எவ்வளவு கடுமையானது ஆயினும் சிறார் சட்டத்தின் நோக்கத்தை விட்டு விலக முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அவனை வயது வந்தவனாகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற காவல்துறையின் மனுவைச் சிறார் நீதி வாரியம் 2025 ஜூலையில் நிராகரித்தது.

பலருக்கு இவை ஏமாற்றம் அளித்தன. மகனையும் மகளையும் இழந்த பெற்றோருக்கு இவை அளித்திருக்கக்கூடிய வலியைச் சிறியது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், சினத்தின் அளவுக்கு ஏற்பச் சட்டத்தை வளைக்கத் தொடங்கினால், நாளை பணத்தின் அளவுக்கு ஏற்ப வளைப்பவரைத் தடுக்க எதைக் காட்டுவது? மக்கள் எதை எதிர்த்துக் கொதித்தார்களோ அதே வாசலை மக்களே திறந்துவிட்டதாக ஆகும்.

வேடனும் தாயும்

அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மரைக் கண்டு, தன்னால் அன்றோ இது நேர்ந்தது என்று தருமபுத்திரர் வருந்துகிறார். அப்போது பீஷ்மர் சொல்லும் ஒரு கதை அனுசாசன பருவத்தின் தொடக்கத்தில் உள்ளது.

கௌதமி என்ற முதிய பெண்ணின் மகன் பாம்பு தீண்டி இறந்துபோனான். அர்ஜுனகன் என்ற வேடன் அந்தப் பாம்பைப் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்து, 'இதைத் தீயில் இடட்டுமா, துண்டு துண்டாக வெட்டட்டுமா?' என்று கேட்டான். அதைக் கொல்வதால் தன் மகன் திரும்பி வரப்போவதில்லை, விட்டுவிடு என்றாள் கௌதமி. வேடன் விடவில்லை, பகைவனைக் கொல்வதே முறை என்று மீண்டும் மீண்டும் வாதிட்டான். பாம்பு, தன்னை ஏவியது மிருத்யு என்றது. மிருத்யு வந்து, தன்னை ஏவியது காலம் என்றான். காலன் வந்து, வினையே யாவற்றுக்கும் காரணம் என்றான். முடிவில் பாம்பு விடுவிக்கப்பட்டது.

இக்கதையைப் படிப்பவர் பெரும்பாலும் வினைப்பயன் பற்றிய முடிவுரையையே நினைவில் கொள்கின்றனர். அந்த முடிவை மகனை இழந்த தாய் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். வேறு எவரும் அவளிடம் சொல்லத் துணியலாகாது. விபத்தில் பிள்ளையை இழந்தவரிடம் சென்று 'எல்லாம் விதி' என்று சொல்வது ஆறுதல் ஆகாது, அது கொடுமை. கதையில் அதைவிட உற்று நோக்கத்தக்கது வேறொன்று. தண்டிக்கத் துடிப்பவன் யார்? எதையும் இழக்காத வேடன். இழந்தவளோ அமைதியாக இருக்கிறாள்.

வேடன் கெட்டவன் அல்லன். அவன் கௌதமிக்காகவே பேசுவதாக நினைக்கிறான். ஆனால் அவள் சொல்வதை அவன் செவி ஏற்பதில்லை. அவளுடைய துயரம் அவனுடைய சினத்திற்குக் காரணமாக இருக்கிறதே தவிர, அவனுடைய சினத்தால் அவளுடைய துயரம் அணுவளவும் குறையவில்லை. விபத்துச் செய்தியைப் படித்துவிட்டு ஆவேசத்துடன் எழுதும் பல்லாயிரம் பேருள், இறந்தவரின் இல்லத்திற்கு இன்று என்ன தேவை என்று கேட்டவர் எத்தனை பேர்? தங்களுக்கு நீதி வேண்டும் என்று பாதிக்கப்பட்ட குடும்பம் கேட்டால் அதற்குத் துணை நிற்பது கடமை. ஆனால் அவர்களுடைய குரலைவிட உரக்கக் கத்துவது துணை ஆகாது.

பாம்பின் வாதத்திலும் ஒரு பாதி உண்மை உண்டு. ஒரு மரணத்தின் பின்னால் ஒரு கை மட்டும் இருப்பதில்லை. புனே வழக்கிலேயே, சாவியைக் கொடுத்தவர், மதுவை ஊற்றியவர், பதிவில்லாத காரைச் சாலையில் விட்டவர் என்று சங்கிலி நீள்கிறது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் வழி செய்திருப்பது இச்சங்கிலியை உணர்ந்தே. ஆனால் மற்றவர்க்கும் பங்கு உண்டு என்பதால் கடைசிக் கண்ணியின் பொறுப்பு இல்லாமற் போவதில்லை. இதை வேடன் சரியாகவே எடுத்துக்காட்டுகிறான். அவன் பிழை, பொறுப்பைச் சுட்டியதில் இல்லை. கொல்வது ஒன்றையே பொறுப்பிற்கு விடையாகக் கண்டதில் இருக்கிறது.

ஓட்டியவர் ஏன் ஓடுகிறார்?

2022-ஆம் ஆண்டில் மோதிவிட்டு நிற்காமல் சென்ற வாகனங்களால் மட்டும் இந்தியாவில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நின்று உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருந்தால் இவர்களுள் சிலரேனும் பிழைத்திருக்கக்கூடும். மோதுவது ஒரு கணத்தின் பிழை. விட்டுவிட்டு ஓடுவது மனம் அறிந்து செய்யும் பிழை. பின்னதுதான் அறத்தின் கண்ணில் பெரிது.

அவர்கள் ஏன் ஓடுகிறார்கள்? தண்டனைக்கு அஞ்சி ஓடுபவர் உண்டு. கூட்டத்திற்கு அஞ்சி ஓடுபவரும் உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 134-ஆம் பிரிவில், காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்று விதிக்கிறது. உடனே ஒரு விலக்கையும் சேர்க்கிறது: கும்பலின் ஆவேசத்தாலோ, தன் கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்ட வேறு காரணத்தாலோ அது இயலாத நிலையில் அக்கடமை இல்லை. சட்டம் இயற்றியவர்கள் நம் நாட்டுச் சாலைகளை நன்கு அறிந்திருந்தார்கள். உதவ வேண்டிய ஒருவரை உதவ விடாமல் செய்யும் அளவுக்கு மக்களின் சினம் போகும் என்பது ஒரு சட்டத்தின் வாசகத்திலேயே இடம்பெற்றிருப்பது நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி.

புதிய பாரதிய நியாய சன்ஹிதா, உயிரிழப்பு ஏற்படுத்திவிட்டுக் காவல்துறைக்கோ நீதிபதிக்கோ தெரிவிக்காமல் தப்பிச் செல்பவருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்று விதித்தது. அதை எதிர்த்து 2024 ஜனவரித் தொடக்கத்தில் பல மாநிலங்களில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஓடாமல் நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. 2024 ஜூலை 1 அன்று அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

ஓடாமல் நின்ற ஒருவரை வால்மீகி காட்டுகிறார். மழைக்கால இரவில், சரயு நதிக்கரையில், இளவரசனாகிய தசரதன் யானை நீர் பருகும் ஒலி என்று எண்ணி அம்பு எய்தான். அது குடத்தில் நீர் மொண்டுகொண்டிருந்த தவச்சிறுவன் ஒருவன்மீது பாய்ந்தது. இருட்டு, கண்டவர் எவரும் இல்லை. பெற்றோரோ கண் இழந்த முதியோர். தசரதன் விலகிச் சென்றிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. அவன் அந்தக் குடத்தில் நீரை எடுத்துக்கொண்டு அவர்களிடம் சென்றான். காலடி ஓசை கேட்டு மகன் என்று எண்ணிப் பேசிய தந்தையிடம், தான் அவர் மகன் அல்லன் என்று சொல்லி, நடந்ததைக் கூறினான். நீயாகவே வந்து சொல்லாமல் இருந்திருந்தால் உன் தலை சிதறிப் போயிருக்கும் என்றார் அந்தத் தந்தை. ஆயினும் புத்திர சோகத்தால் இறப்பாய் என்று சபித்தார். அச்சாபம் பலித்தது.

ஒப்புக்கொண்டதால் தண்டனை நீங்கவில்லை. ஆனால் அதன் தன்மை மாறியது. உள்ளம் உடைந்த அந்தத் தந்தையும், சொன்னவனுக்கும் மறைத்தவனுக்கும் இடையே வேறுபாடு கண்டார். இந்த வேறுபாட்டைக் காணும் ஆற்றலை இன்றைய பொதுச் சினம் இழந்து வருகிறது. நின்றவன், ஓடியவன், உதவியவன், மறைத்தவன் ஆகிய எல்லாருக்கும் ஒரே வசை, ஒரே சாபம் என்றால், ஒருவன் ஏன் நிற்க வேண்டும்? ஏன் உண்மை சொல்ல வேண்டும்? மகன் செய்த பிழையை மறைக்கத் துணியும் ஒரு குடும்பத்தை மன்னிக்க முடியாது. ஆனால், ஒப்புக்கொண்டவனுக்கும் நிற்க இடமில்லை என்று ஆக்கிவிட்ட சமுதாயம், மறைப்பவர்களின் எண்ணிக்கையைத் தன்னை அறியாமலே பெருக்குகிறது. உண்மை வெளிவர வேண்டும் என்று விரும்புகிறவர்கள், உண்மையைச் சொல்பவன் உயிரோடும் மானத்தோடும் தண்டனையை ஏற்க வழிவிட வேண்டும்.

ஊழின் பங்கு

இச்சினத்தின் அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: 'அவன் வேறு, நான் வேறு.' அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியானது?

ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்னார்டு வில்லியம்ஸும் அமெரிக்க அறிஞர் தாமஸ் நேகலும் 1976-இல் இக்கேள்வியை எழுப்பினர். ஒழுக்கத்தில் ஊழுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய சிக்கல். மது அருந்திய ஒருவரின் கார் நடைபாதையில் ஏறுகிறது. அங்கே எவரும் இல்லை என்றால் அவர் வீடு போய்ச் சேர்கிறார். ஒருவர் நின்றிருந்தால் அவர் கொலைப்பழி சுமக்கிறார். இருவர் செய்த பிழையும் ஒன்றே. இடையில் நின்றது ஊழ். வில்லியம்ஸ் காட்டும் லாரி ஓட்டுநரோ எந்தப் பிழையும் செய்யாதவர். ஆனாலும் குழந்தை ஒன்று அவருடைய வண்டியில் அடிபட்டு இறக்கிறது. பார்த்தவர்கள் 'உன் பிழை இல்லை' என்று தேற்றுவார்கள், தேற்றவும் வேண்டும். ஆனால் அவர் அந்தத் தேறுதலை உடனே ஏற்றுக்கொண்டு எளிதாகத் திரும்பிவிட்டால், நமக்கே அவர்மேல் ஐயம் எழும். தன் கையால் நேர்ந்ததற்குச் சட்டத்திற்கு அப்பாலும் ஒரு துயரம் உண்டு என்பதை மனித உள்ளம் அறியும்.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நேர்ந்தன; 1,68,491 பேர் இறந்தனர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 460 பேர். மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, இறந்தவருள் பத்தில் ஏழு பேருடைய மரணத்திற்குக் காரணம் மிகுவேகம். இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் இன்றிச் சென்று இறந்தவர்கள் மட்டும் 50 ஆயிரம் பேர்.

மிகுவேகம் என்பது செல்வந்தர் வீட்டுக் கார்களின் தனிச்சொத்து அன்று. அலுவலகத்திற்கு நேரமாகிவிட்டது என்று சிவப்பு விளக்கைத் தாண்டுபவர், வளைவில் முந்துபவர், கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டுபவர், பள்ளி செல்லும் மகனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்து, 'பக்கத்துத் தெருதானே' என்பவர் ஆகிய அனைவரும் அதே பிழையின் சிறு வடிவங்களைச் செய்கிறார்கள். அவர்கள் வீடு திரும்பியதற்கு அவர்களுடைய ஒழுக்கம் மட்டும் காரணம் அன்று; எதிரே எவரும் வரவில்லை என்பதும் ஒரு காரணம். இதை உணர்ந்தவர் பிறரைக் குறித்து எழுதும் சொற்களில் தானாகவே ஓர் அடக்கம் வந்துவிடும். அந்த அடக்கம் குற்றத்தைச் சிறிதாக்குவது அன்று. தன்னையும் அதே துலாக்கோலில் நிறுத்துவது.

நாம் செய்யத்தக்கது

அப்படியானால் சினமே கொள்ளக் கூடாதா? கொள்ளலாம், சில இடங்களில் கொள்ளவே வேண்டும். ஆனால் சினம் எழும்போது அதனிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது: இது யாருக்காக? இறந்தவருக்காகவும் அவரை இழந்தவருக்காகவும் எழுந்த சினம் அவர்களை மறக்காது. முதல் வாரத்து ஆரவாரத்திற்குப் பின்னும், ஆண்டுக்கணக்கில் நீளும் வழக்கின்போதும் அவர்களை நினைக்கும்.

இரண்டாவது: இது எதைக் கேட்கிறது? விசாரணை நேர்மையாக நடக்க வேண்டும், சாட்சியம் காக்கப்பட வேண்டும், எளியவர்மேல் பழி விழக் கூடாது என்று கேட்டால் அது அறத்தின் குரல். அவன் அழிய வேண்டும், அவன் வீட்டார் தெருவில் நிற்க வேண்டும் என்று கேட்டால் அது வேடனின் குரல்.

மூன்றாவது: இது என்னிடம் எதைக் கேட்கிறது? பிறரிடம் ஒழுக்கத்தைக் கேட்டுவிட்டுத் தன்னிடம் எதையும் கேட்காத சினம் ஒரு பொழுதுபோக்கு. தலைக்கவசம் அணிவது, வேகத்தைக் குறைப்பது, உரிய வயது வரும் வரை பிள்ளைக்குச் சாவியைத் தர மறுப்பது, அடிபட்டவரைக் கண்டால் நின்று உதவுவது ஆகியவை அது நம்மிடம் கேட்க வேண்டிய விலை. உதவ முன்வருபவரைக் காவல்துறையும் மருத்துவமனையும் அலைக்கழிக்கலாகாது என்ற வழிகாட்டு நெறிகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் கட்டுப்படுத்தும் விதிகளாக்கியது. 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அவருக்குப் பாதுகாப்பை உறுதி செய்தது. ஆகவே அஞ்சி விலகிச் செல்ல இனிக் காரணம் இல்லை.

விபத்து நடந்த இடத்தில் இரண்டு உயிர்கள் ஆபத்தில் இருக்கின்றன. ஒன்று, சாலையில் கிடப்பவருடையது. மற்றொன்று, வண்டியிலிருந்து நடுங்கிக்கொண்டே இறங்குபவருடையது. முதல் உயிரைக் காக்கத்தான் எல்லாக் கைகளும் முதலில் நீள வேண்டும். இரண்டாவது உயிரை அடிக்காமல் பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைப்பதும், அவரையும் உதவிக்கு அழைப்பதும் அடுத்த கடமை. அங்கே கூடும் பத்துப் பேர் இவ்வாறு நடந்துகொண்டால், தொலைவில் கைப்பேசியோடு இருக்கும் லட்சம் பேரும் ஒருநாள் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வார்கள்.